கடலுக்குப் போன கோழிக்கூண்டுகள்

கோழிக்கூண்டு என்று பொய் சொல்லி என்னிடம் மூன்று வருடம் வேலை வாங்கினார் சௌந்தரராஜன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஆள் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகிவிட்டன. செத்தவர் மேல் கோபப்படக் கூடாது என்று என் வீட்டுக்காரி செல்லி சொல்கிறாள். நான் படத்தான் செய்கிறேன். எதற்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேறு மாதிரி செய்திருப்பேன். எதற்கென்று தெரியாமல் ஒரு வெல்டர் செய்வது பாதி வேலைதான்.

நான் ஜவளகிரிப் பக்கம். பெயர் சென்றாயன். ஐந்தாவது வரை படித்தேன். அப்போது ஓசூர் சிப்காட்டில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை. வண்டிப் பாகங்களை அடுக்கி அனுப்புகிற இரும்பு ரேக்குகளும் டிராலிகளும் செய்வோம். சௌந்தரராஜன் 2002-இல் அங்கே வந்து சேர்ந்தார். நான் ஒட்டியதை அவர் கிரைண்டர் பிடித்து வழவழப்பாக்க வேண்டும். வேம்பாருக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர்க்காரர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஒல்லியான உடம்பு, மார்பு மட்டும் பீப்பாய். இடது காது கேட்காது. எதையும் தலையைச் சாய்த்துத்தான் கேட்பார். மனைவி கருப்பாயி ஊரிலேயே இருந்தார். இவர் மூக்கண்டப்பள்ளியில் ஒரு லைன் வீட்டில் தனியாகப் பொங்கித் தின்றுகொண்டிருந்தார்.

இரும்புத் தூசி பறக்கும்போது நாங்கள் மூக்கில் துணி கட்டுவோம். இவர் மூச்சை அடக்கிக்கொள்வார். ஒரு முழு ரேக்கின் ஒரு பக்கத்தைத் தேய்த்து முடிக்கும்வரை விடமாட்டார். முடித்துவிட்டுத் தள்ளி நின்று ஒரே மூச்சாக இழுப்பார். கடலில் முங்குகிறவர் என்று சொன்னார். சங்கு எடுத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

எங்கள் கம்பெனியில் ஆயுதபூஜைக்கு முந்தின நாள் ஷெட்டைக் கழுவுவோம். அன்றைக்கு மிச்சம் கிடக்கும் துண்டுக் கம்பிகளை, இரண்டு கையில் பிடிக்கிற அளவு, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நான் என் பங்கில் வீட்டுக்குத் துணிக்கொடிக் கம்பமும் அடுப்புத் தாங்கியும் செய்திருக்கிறேன். 2005 பூஜையில் சௌந்தரராஜன் தன் பங்கையும் எடுத்து, வேண்டாம் என்றவர்களின் பங்கையும் கேட்டு வாங்கி, என் முன்னால் கொண்டுவந்து போட்டார்.

"சென்றாயா, ஆறு கூண்டு வேணும். கோழிக்கு. பொங்கலுக்கு ஊருக்குப் போகையில கொண்டுபோணும்."

"கதவு எந்தப் பக்கம்ணா?"

"கதவு வேண்டாம்."

"கோழி ஓடிடாதா?"

"எங்க ஊர்க் கோழி ஓடாது வே."

நான்கு கால், மேலே கட்டம் கட்டமாகக் கம்பி. அவ்வளவுதான் கேட்டார். ஒன்றைவிட ஒன்று கொஞ்சம் சின்னதாக இருக்க வேண்டும், பஸ்ஸில் ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிக் கொண்டுபோக. காலுக்கு அடித்தகடு வைக்கட்டுமா என்றேன். வேண்டாம், பாரம் கூடும், மண்ணில் குத்திக்கொள்ளும் என்றார். பெயிண்ட் அடிக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார். "பெயிண்டு ஆகாது, கொத்துனா செத்துரும்." லேசாகச் செய்யச் சொன்னார், லேசாகவே செய்தேன். கோழி என்ன கனம் இருக்கப் போகிறது?

கேட்டில் வாட்ச்மேன் வெங்கடப்பன் கேட்பாஸில் எழுதினான்: கோழிக்கூண்டு, ஆறு. அடுத்த பொங்கலுக்கும் அதே. மூன்றாம் பொங்கலுக்கும் அதே. அப்போது அவனுக்கே பொறுக்கவில்லை.

"ஏமய்யா சௌந்தரா, உங்க ஊர்ல ஜனம் ஜாஸ்தியா, கோழி ஜாஸ்தியா?"

"கோழிதான். ஜனம் பூரா ஓசூருக்கு வந்தாச்சே!"

செல்லி என்னைக் கேட்டாள். "பதினெட்டுக் கூண்டு செஞ்சு குடுத்தியே, ஒரு முட்டையாவது கண்ணுல காட்டுனாரா அந்தாளு?" அதை நான் சிரித்துக்கொண்டே அவரிடம் சொல்லிவிட்டேன். அந்தப் பொங்கல் முடிந்து வந்தவர் கருவாட்டோடு பன்னிரண்டு முட்டையும் கொண்டுவந்து கொடுத்தார். செல்லி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். "நாட்டுக்கோழி முட்ட இவ்ளோ வெள்ளையா இருக்குமா?" என்றாள். நான் அதற்கும் யோசிக்கவில்லை. ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் எதிர்க்கடையில் வாங்கின முட்டை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

2008 கார்த்திகையில் புயல் வந்தது. ஓசூரில் இரண்டு நாள் தூறலும் குளிரும், வேறொன்றுமில்லை. கருப்பாயி அக்கா போன் செய்தார். வீட்டின் பின்சுவர் விழுந்துவிட்டது, அடுப்படிவரை கடல் வந்துபோகிறது என்றார். சௌந்தரராஜன் அன்றே பஸ் ஏறினார். பதினோரு நாள் கழித்து வந்தார். இரண்டு உள்ளங்கையிலும் கீறல், சில இடத்தில் சீழ். கேன்டீனில் தட்டை வைத்துக்கொண்டு சோற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"சுவரு போனா கட்டிக்கலாம்ணா. சாப்புடு."

"கூண்டு எல்லாம் கவுந்து போச்சு, சென்றாயா."

"கோழிங்க?"

தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தார். "கோழி இல்ல" என்றார்.

அப்புறம்தான் முழுதும் சொன்னார். வாலிபத்தில் அவருக்குத் தொழில் முருகைக்கல் உடைப்பது. பவளப்பாறைதான், அந்தக் கரையில் அதற்கு அப்படிப் பெயர். வள்ளத்தில் போய், கடப்பாரையோடு முங்கி, கடலுக்கடியில் பாறையைப் பெயர்த்துக் கயிறு கட்டி ஏற்றுவார்கள். சுண்ணாம்புக் காளவாசலுக்குப் போகும். வீடு கட்டவும் போகும். அவர் வீடே அந்தக் கல்தான். ஊருக்கு நேர் எதிரே கடலுக்குள் இருந்த ஒரு முருகைத் திட்டை அவரும் அவர் கூட்டாளிகளும் பதினைந்து வருடத்தில் மொட்டையாக்கினார்கள். அந்தத் திட்டில் உடைந்துகொண்டிருந்த அலை அதற்குப் பிறகு கரையில் வந்து உடைந்தது. வருடா வருடம் கரை உள்ளே வந்தது. இப்போது அவர் பின்சுவருக்கு வந்துவிட்டது.

கல் எடுப்பதை அரசாங்கம் தடுத்த பிறகு, ஆராய்ச்சிக்காரர்கள் சிலர் வேறொரு தீவுப் பக்கம் பவளத் துண்டுகளை இரும்புச் சட்டத்தில் கட்டி வளர்த்தார்களாம். அவர்களுக்கு முங்குகிற கூலியாக ஒரு சீசன் போயிருக்கிறார். அங்கே கற்றுக்கொண்டதைத் தன் திட்டில் செய்தார். உடைந்து மணலில் கிடக்கும் துண்டுகளில் உயிர் இருப்பவற்றைப் பொறுக்கி, என் கூண்டுகளின் மேல் கம்பியில் நைலான் நூலால் கட்டினார். விரல் நீளம் இருந்த துண்டுகள் மூன்று வருடத்தில் கை விரித்த அளவு வந்திருந்தன.

"அத எங்கிட்ட சொல்றதுக்கு என்னாணா?" என்றேன். கேன்டீனே திரும்பிப் பார்த்தது.

"கல்லு ஒடச்சவன்னு எனக்குப் பேரு. இப்பம் ஒரு துண்டத் தொட்டாலே கேசு. நட்டு வைக்கேன்னு சொன்னா எவன் நம்புவான்? நீ வாய் நெறையச் சிரிச்சு நாலு பேர்ட்ட சொல்லிருவ. ஒன் பொஞ்சாதி சொன்ன முட்டைப் பேச்சையே எங்கிட்ட வந்து சொல்லலியா?"

எனக்கு அது சுருக்கென்று இருந்தது. ஆனால் அவர் விடவில்லை, பேசிக்கொண்டே போனார். சித்திரை, வைகாசியில் கடல் சூடேறும். முப்பது டிகிரிவரை பவளம் தாங்கும். முப்பத்திரண்டு வந்து சில வாரம் நின்றால் வெளுத்துவிடும்.

"ரெண்டு டிகிரிக்கா? கல்லா, கண்ணாடியா அது?"

"கல்லு இல்ல வே, உசுரு. ஒனக்குக் காச்ச ரெண்டு டிகிரி ஏறுனா வேலைக்கு வாரியா? அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஒண்ணு குடியிருக்கு. அதுதான் நெறம், அதுதான் சோறு போடும். சூடு ஏறுனா அது காலி பண்ணிட்டுப் போயிரும். வீடு வெள்ளையா நிக்கும், வீட்டுக்காரன் பட்டினி. ஆனா சாகல. ஆடில தென்மேக்க இருந்து கச்சான் காத்து அடிச்சு தண்ணி பொரண்டு குளுந்துட்டா, போனது திரும்ப வந்து குடியேறும். மூணு வருசமும் வெளுத்துச்சு, மூணு வருசமும் திரும்புச்சு."

"அப்ப காத்து நல்லதுதானே?"

"அளவா அடிச்சா மருந்து. இது அடிச்சது அப்படியா? கோடையில பட்டினி கெடந்து இப்பத்தான் எந்திரிச்சு நின்னுச்சு. அதுக்குள்ள பொரட்டிப் போட்டுட்டு."

பதினெட்டில் மூன்று கூண்டுதான் நின்றன. நான்கைக் காணவே இல்லை. பதினொன்று குப்புற மணலில் புதைந்து கிடந்தன. காய்ச்சல் விட்டு எழுந்தவனைப் படிக்கட்டில் தள்ளிவிட்ட மாதிரி என்று எனக்குத் தோன்றியது. தள்ளியது புயல் மட்டுமில்லை. அடித்தகடு இல்லாத நேர்க்கால் வைத்துச் செய்தவன் நான்.

மத்தியானம் கிடந்த ரேக் வேலையை முடித்தேன். சாயங்காலம் சாக்பீஸை எடுத்துத் தரையில் கோடு போட்டேன். கால் நான்கும் கீழே போகப் போக அகல வேண்டும். ஒவ்வொரு கால் முனையிலும் ஒரு வளையம். அதில் சிமெண்டு நிரப்பினால் பாரம் அடியில் நிற்கும். "கடல்னு சொல்லியிருந்தா மொதல்லயே இத போட்டிருப்பேன்" என்றேன். அவர் குந்தி, நான் வரைந்த வளையத்தை உள்ளங்கையால் அளந்து பார்த்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பழைய மாதிரியில் ஒன்றும் புது மாதிரியில் ஒன்றும் செய்து எடுத்துக்கொண்டு கெலவரப்பள்ளி அணைக்குப் போனோம். வாய்க்காலில் தண்ணீர் விட்டிருந்தார்கள். மதகுக்குக் கீழே இரண்டையும் இறக்கினோம். பழையது இரண்டு நொடி நின்றது, மூன்றாவது நொடியில் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டு போனது. புதியது ஒரு முழம் நகர்ந்து, பிடித்துக்கொண்டு நின்றது. துணி துவைத்துக்கொண்டிருந்த நஞ்சம்மா என்ற கிழவி எங்களைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏம்பா, மீனு புடிக்கறீங்களா, இரும்பக் குளிப்பாட்டறீங்களா?" ஊரிலிருந்து வந்த பிறகு அன்றைக்குத்தான் சௌந்தரராஜன் சிரித்தார்.

ஆனால் அகன்ற கால் வைத்த கூண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று அடங்கவில்லை. எட்டுக் கூண்டு செய்தோம். ஒரு ஆள் தூக்க முடியாது. அதனால்தான் 2009 பொங்கலுக்கு நானும் போனேன். அப்படித்தான் நாற்பத்தைந்து வயதில் முதல் தடவையாகக் கடலைப் பார்த்தேன். கருப்பாயி அக்கா விழுந்த சுவருக்குச் சாக்குப்படுதா கட்டியிருந்தார். சோறு போட்டுக்கொண்டே கேட்டார்: "தம்பி, நீங்கதான் கூண்டு செய்யறவுகளா? இந்த மனுசன் கல்ல ஒடச்சு இந்த வீட்டக் கட்டுனாரு. இப்பம் கல்ல நட்டு வீட்டக் காப்பாத்தப் போறாராம். செவத்த எடுத்துக் கட்டவா, எங்க அண்ணன் ஊருக்குப் போயிரவான்னு கேட்டா பதில் இல்ல."

"கட்டலாம். பொறு" என்றார் அவர்.

"எத்தன வருசம் பொறுக்க?"

நிற்கிற மூன்றும் புது எட்டும் அலையை நிறுத்தாது. அது அவருக்கும் தெரியும். வள்ளத்தில் போகும்போது அதை நான் வாய்விட்டே கேட்டேன். "நிறுத்தாதுதான்" என்றார். "ஆனா அந்த எடத்துல அது இனிமே பொழைக்குமா பொழைக்காதான்னு எனக்குத் தெரியணும். பொழைச்சா அது தானா பெருகும், அவ செவத்தக் கட்டலாம். பொழைக்காதுன்னா இப்பமே கெளம்பிரணும். அதுக்குத்தான் பாக்கேன்."

எனக்கு நீச்சல் தெரியாது. ஒரு பிளாஸ்டிக் வாளியின் அடியை வெட்டிக் கண்ணாடி ஒட்டிக் கொண்டுபோயிருந்தேன். அதைத் தண்ணீரில் பாதி அழுத்திக் குனிந்து பார்த்தால் அடி தெரியும். அந்த வாளி இன்னும் என் வீட்டில் இருக்கிறது. கடலுக்குப் போய்ப் போய்க் கண்ணாடியை இரண்டு தடவை மாற்றிவிட்டேன். முதலில் தெரிந்தது என் வெல்டிங்தான். கால்களை மேலே நீட்டிக்கொண்டு கூண்டுகள் கிடந்தன. ஒரு ஜாயிண்ட்கூட விடவில்லை. விட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அப்படியே முழுசாகக் கவிழ்ந்து, அதில் இருந்ததையெல்லாம் மணலில் அழுத்தி மூச்சுமுட்ட வைத்திருந்தன. கொஞ்சம் தள்ளி, நின்றுகொண்டிருந்த மூன்று. மேல் கம்பியே தெரியாத அளவுக்குப் பழுப்பாக, கிளை கிளையாக, மான்கொம்பு மாதிரி. அவற்றுக்குள் நகம் அளவு நீல மீன்கள் நுழைந்து நுழைந்து வந்தன. சௌந்தரராஜன் கீழே போய் என் எட்டுக் கூண்டையும் ஒவ்வொன்றாக நிறுத்தினார். கவிழ்ந்ததற்கு அடியிலும் மணலிலும் தேடி, உயிருள்ள துண்டுகளைத் தண்ணீருக்குள்ளேயே கட்டினார். நான் நூலை வெட்டிக் கொடுத்தேன், வாந்தி எடுத்தேன், மறுபடி நூலை வெட்டிக் கொடுத்தேன். நான்கு நாள் வேலை.

ஓசூருக்குத் திரும்பிய பிறகு மாதத்துக்கு ஒரு தடவை கருப்பாயி அக்காவின் அண்ணன் தன் ஊரிலிருந்து வள்ளத்தில் வந்து பார்த்துப் போனில் சொல்வார். எல்லாம் நிற்கிறது, எல்லாம் நிற்கிறது. பங்குனியில் வெயில் முன்கூட்டியே ஏறியது. ஓசூரிலேயே ஷெட்டுக்குள் நிற்க முடியவில்லை. வெங்கடப்பன்கூட, "ஓசூர்ல இந்த வெயிலு எந்தக் காலத்துல அடிச்சுது?" என்று கேட்பாஸ் புத்தகத்தால் விசிறிக்கொண்டிருந்தான். சௌந்தரராஜன் தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எதை நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

வைகாசியில் நான்கு நாள் லீவு போட்டு ஊருக்குப் போனார். காலையில் வந்து இறங்கி நேரே ஷெட்டுக்கு வந்தார்.

"என்னாச்சுணா?"

"ஒண்ணுகூட கவுழல. ஒன் கால் நிக்கி."

"அப்பறம்?"

"பூரா வெளுத்துட்டு. பழைய மூணும், புதுசு எட்டும். முட்டை ஓடு மாதிரி." கிரைண்டரைக் கையில் எடுத்தார், கீழே வைத்தார். "புயல் பொரட்டுனதுல பாதி சத்து போச்சு. மூணு மாசத்துல நிமிந்து நிக்கதுக்குள்ள சூடு. போன வருசமெல்லாம் சித்திரை கடைசியிலதான் வெளுக்கும். இந்த வருசம் பங்குனியிலயே ஆரம்பிச்சிருக்கு. எம்புட்டு நாள் பட்டினி கெடக்கும்?"

அப்போது எனக்கு இன்னொரு கோபமும் வந்தது. கவிழாமல் நிற்க என்னால் கால் செய்ய முடியும். கடல் சூடாவதற்கு நான் எங்கே வெல்டிங் வைப்பேன்? அதை யாரிடம் போய்க் கேட்பது என்றும் தெரியவில்லை. அன்றைக்கு முழுக்க வேலை கோணல்மாணலாக வந்தது.

ஆனி முதல் வாரம், காலையில் குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். வலது கை, கால் விழுந்துவிட்டது. வாயும் கோணியது. ஆஸ்பத்திரியில் சேர்த்து கருப்பாயி அக்காவுக்குச் சொன்னேன். மறுநாள் அவர் வந்தார், முந்தானையில் வீட்டுச் சாவியை முடிந்துகொண்டு. பின்சுவர் இல்லாத வீட்டைப் பூட்டிவிட்டு வந்திருந்தார்.

அன்று மத்தியானம் அக்கா சுடுதண்ணீர் வாங்கக் கீழே போனார். சௌந்தரராஜன் இடது கையால் என் சட்டையைப் பிடித்துக் கிட்டே இழுத்தார். பேச்சு குழறியது. ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சை அடக்கி, அடக்கி, விட்டார். அதற்குப் பிறகு ஒன்பது நாள் இருந்தார், ஆனால் பேசவில்லை. அதனால் அன்று சொன்னதுதான் கடைசி.

"இப்பம் போகாத, சென்றாயா. இப்பம் போனா வெள்ளையா இருக்கும். செத்துட்டுன்னு நெனச்சு வந்துருவ. ஆடியில கச்சான் அடிச்சு, ஓஞ்சு, தண்ணி தெளியட்டும். அப்பம் போ. ஒன் வாளிய எடுத்துக்கோ. பழைய மூணுல நடுக்கூண்ட மொதல்ல பாரு. கொம்பு நுனியில பழுப்பு ஏறியிருந்தா பொழைச்சுட்டு. பச்சையா, வழுவழுன்னு, அழுக்கு மாதிரி படிஞ்சிருந்தா செத்துட்டு. எதுன்னாலும் கருப்பாயிட்ட சொல்லு. அவ செவத்தக் கட்டணுமா, கெளம்பணுமான்னு முடிவு பண்ணணும். உள்ளத உள்ளபடி சொல்லு வே. அவ அழுவான்னு, நான் ஒங்கிட்ட சொன்னேன்லா, அது மாதிரி கோழிக்கத எதுவும் சொல்லிராத."